இரண்டாவது ஆள்

(யாழ்ப்பாணம், மயிலிட்டியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இரவு முழுக்கக் கடலில் நின்றுவிட்டுக் கண்ணயராமல் நேரே வந்து முன்வரிசையில் இருக்கும் தம்பிமாருக்கு ஒரு வணக்கம்.

இந்த அறக்கட்டளைக்கு முதல் வைத்த அம்மா தன்னுடைய பெயரை அழைப்பிதழில்கூடப் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டார். பேசவேண்டிய பொருளை மட்டும் அவரே தெரிவுசெய்தார். "தம்பி, காத்தைப் பற்றிப் பேசுங்கோ. ஆளைக் கொல்லுற காத்தைப் பற்றி. படிச்ச ஆக்களுக்குப் பேசிற மாதிரி வேண்டாம். கிணத்துக்குள்ள இறங்கிற பெடியளுக்கு விளங்கிற மாதிரிப் பேசுங்கோ" என்றார். ஏன் இதைக் கேட்கிறார் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தொழிலிடங்களைப் பரிசோதிக்கும் வேலையில் முப்பது வருடங்களுக்கு மேல் இருந்தவன் நான். இந்தப் பொருளைப் பல மண்டபங்களில் பேசியிருக்கிறேன். இப்படியொரு கட்டளையை நெஞ்சில் வைத்துக்கொண்டு பேச எழுந்தது இன்றைக்குத்தான்.

மயிலிட்டிக் காற்றுக்கு ஒரு நற்பெயர் இருந்தது. இங்கே ஒரு காசநோய் வைத்தியசாலை இருந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நெஞ்சு நோயாளிகளைக் கடற்காற்றுப் படும்படி கட்டிலில் கிடத்தியிருப்பார்கள். சுவாசப்பைக்கு மருந்தாகக் காற்றைக் கொடுத்த ஊர் இது. இந்த ஊரிலேயே, அதே காற்று அசையாமல் தங்கிவிடும் இடங்களும் உண்டு. கிணற்றின் அடி, படகில் மீன் போடும் அறை, மலகூடக் குழி, குளிர் அறையின் இயந்திரக் கொட்டில். வாடையும் சோளகமும் எவ்வளவு அடித்தாலும் இவற்றுக்குள் காற்று நுழைவதில்லை.

நான் சிறுவனாக இருந்தபோது வருடத்துக்கு ஒருமுறை எங்கள் வளவுக் கிணற்றைக் கலக்கி இறைப்பார்கள். இறைத்து முடித்து, சேறு அள்ள ஆள் இறங்கமுதல் பெரியப்பா ஒரு வேலை செய்வார். அரிக்கன் லாம்பைக் கொளுத்தித் தும்புக் கயிற்றில் கட்டி மெதுவாக உள்ளே விடுவார். நாங்கள் பிள்ளைகள் கிணற்றுக் கட்டில் வயிற்றை வைத்துக் குனிந்து பார்ப்போம். அந்தச் சின்ன மஞ்சள் வெளிச்சம் சுண்ணாம்புக்கல் சுவரில் ஆடி ஆடி இறங்கும். அடியில் ஐந்து நிமிடம் எரிந்தால் "சரி, இறங்கு" என்பார். சுடர் சுருங்கினாலோ அணைந்தாலோ ஒருவரையும் விடமாட்டார். பூவரசங்குழையைக் கட்டாகக் கட்டி, கயிற்றில் தொங்கவிட்டு, மேலும் கீழுமாக இழுத்து அடிப்பார். வாளி வாளியாக மேலேயிருந்து தண்ணீர் ஊற்றுவார். பிறகு மறுபடியும் லாம்பு.

பின்னாளில் காற்று அளக்கும் கருவியோடு வேலைக்குப் போனபோது பெரியப்பாவின் லாம்பை நான் அடிக்கடி நினைத்தேன். அவர் செய்ததில் ஒழுங்கு இருந்தது. ஆள் இறங்கமுதல் சோதனை, பிறகு காற்றோட்டம், பிறகு மறுசோதனை. இன்றைய விதிநூல்களில் அச்சடித்திருக்கும் வரிசையும் இதுதான். ஆனால் லாம்புக்குப் பாதி விஷயந்தான் தெரியும். நாம் சுவாசிக்கும் காற்றில் ஒட்சிசன் 20.9 வீதம். அது 16, 17 வீதத்துக்கு வந்தால் சுடர் அணைந்துவிடும். ஆகவே ஒட்சிசன் குறைந்ததை லாம்பு சொல்லும். உக்கிய இலைகுழையிலிருந்தும் மண்ணிலிருந்தும் வந்து கிணற்றடியில் தங்கும் காபனீரொட்சைட்டு காற்றைவிட ஒன்றரை மடங்கு பாரமானது. அது நிறையத் திரண்டிருந்தால் அதையும் லாம்பு சொல்லும். ஐதரசன் சல்பைட்டு என்று ஒரு வாயு இருக்கிறது. அது ஆளைக் கொல்வதற்கு ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். அந்த அளவு லாம்புக்கு ஒரு பொருட்டல்ல. அதன் சுடர் அழகாக எரிந்துகொண்டிருக்கும், பக்கத்தில் ஆள் விழுந்துகிடப்பார். காபனோரொட்சைட்டும் அப்படித்தான். அதற்கு மணமும் இல்லை. மெதேன் திரண்ட குழியென்றால் லாம்பே வெடியாகவும் மாறும்.

காபனோரொட்சைட்டு கிணற்றுக்குள் எப்படி வருகிறது? நாமே கொண்டுபோய் வைக்கிறோம். மேலே நிற்கும் இறைப்பு மெசின் ஏழெட்டு மீற்றருக்குக் கீழேயுள்ள தண்ணீரை உறிஞ்சி இழுக்காது. அது இயந்திரத்தின் குறை அல்ல, வளிமண்டல அழுத்தத்தின் எல்லை. தண்ணீர் கீழே போய்விட்டால், மெசினையே கயிற்றில் இறக்கிக் கிணற்றின் இடைப்படியில் வைத்து இயக்குவார்கள். புகை அங்கேயே சுற்றும். எண்ணெய் முடிந்து மெசின் நின்றதும் பார்க்க ஒருவர் இறங்குவார். மண்ணெண்ணெய் மெசினோ டீசல் மெசினோ பெற்றோல் மெசினோ, எதையும் கிணற்றுக்குள் இறக்கவே கூடாது. இதில் "கொஞ்ச நேரத்துக்கு" என்ற விலக்கும் இல்லை.

இங்கே இதைச் சொல்வதற்குத் தனிக் காரணம் உண்டு. 1990 ஜூன் 15 இல் போரினால் இந்த ஊர் எழும்பிப் போனது. துறைமுகமும் அதைச் சேர்ந்த காணிகளும் 2017 ஜூலை 3 இல்தான் படையினரிடமிருந்து திரும்பக் கிடைத்தன. 27 வருடம் ஆள் புழங்காத வளவுகளில் பற்றை வெட்டிக்கொண்டு போனவர்கள் முதலில் தேடியது தங்கள் கிணற்றைத்தான். கல்லும் கட்டிட உடைசலும் உக்கிய இலையும் நிறைந்து கிடந்த கிணறுகள். அவற்றைத் துப்புரவாக்கும் ஆசை எவ்வளவு பெரிதென்று எனக்குத் தெரியும். நானும் எங்கள் கிணற்றுக் கட்டில் கைவைத்து நின்று அழுதவன். தண்ணீரைக் கண்டுவிட வேண்டும் என்ற அந்த அவசரத்தில், 27 வருடச் சேற்றைக் கிளறும்போது என்ன எழும்பும் என்று யோசிக்கத் தோன்றாது. சேறு அசையாமல் கிடக்கும்வரை வாயு அதற்குள் அடங்கிக் கிடக்கும். மண்வெட்டி பட்டதும் குமிழியாகக் கிளம்பும். முதலில் சோதித்தபோது நன்றாக இருந்த கிணறு, அரை மணித்தியால வேலைக்குப் பிறகு வேறு கிணறு ஆகிவிடும். ஆள் உள்ளே நிற்கும் நேரம் முழுக்கக் கருவி அவரோடு இருக்கவேண்டும் என்று விதி சொல்வது இதனால்தான்.

இனி, அம்மா கேட்ட பேச்சின் நடுவுக்கு வருகிறேன்.

2018 ஏப்ரில் 19 ஆம் திகதி ஹொரணையில், பெல்லப்பிட்டியவில் ஒரு இறப்பர்த் தொழிற்சாலையின் அமோனியாத் தொட்டியில் ஒரு தொழிலாளி விழுந்தார். அன்று இறந்தவர்கள் ஐந்து பேர். விழுந்தவரைத் தூக்க ஓடிவந்தவர்கள் அந்த ஐந்துக்குள் இருக்கிறார்கள். 2022 ஏப்ரில் 17, மங்களூருக்கு அருகே பஜ்பேயில் ஒரு மீன் பதனிடும் ஆலை. மீன் கழிவுத் தொட்டிக்குள் ஒருவர் வழுக்கி விழ, கூட வேலைசெய்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். எல்லோரும் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்த இளைஞர்கள். தமிழ்நாட்டில் மலக்கிடங்குகளில் நடக்கும் சாவுகளைப் பத்திரிகையில் பாருங்கள். இருவர், மூவர், தகப்பனும் மகனும், அண்ணனும் தம்பியும்.

அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத் தேசிய நிறுவனம் 1986 இல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அடைபட்ட இடங்களில் இறப்பவர்களில் 60 வீதத்துக்கு மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று அதில் எழுதினார்கள். பரிசோதகனாக நான் வாசித்த எந்த வரியும் என்னை இவ்வளவு உலுக்கியதில்லை. முதலாவது ஆளைக் கொல்வது வாயு. இரண்டாவது ஆள் ஏன் சாகிறார்?

பாசத்தினால் என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். அது உண்மையுந்தான். ஆனால் அந்த நிமிடத்தை நெருங்கிப் பாருங்கள். மேலே நிற்பவருக்குத் தெரிவது என்ன? கீழே அண்ணன் குனிந்தபடியே சரிகிறான். கத்தவில்லை, இருமவில்லை, கை காட்டவில்லை. மயக்கம் போட்டுவிட்டான், பசி, வெயில் என்றுதான் மனம் கணக்குப் போடும். தண்ணீருக்குள் முகம் போய்விடும் முன்னர் தூக்கவேண்டும் என்ற பதற்றம் வேறு. விஷவாயு என்ற எண்ணம் வருவதற்கு அங்கே ஒரு அடையாளமும் இல்லை. அவன் இறங்குகிறான். தானும் அதே காற்றைத்தான் சுவாசிக்கப் போகிறோம் என்பதை நினைக்க அவனுக்கு நேரம் கிடைப்பதில்லை. செத்தவீட்டில் அவனை எல்லோரும் வீரன் என்பார்கள். நான் அந்த வார்த்தையைக் குறைசொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் புகழ்ச்சியைக் கேட்டு வளரும் சின்னப்பிள்ளை நாளைக்கு மூன்றாவது ஆளாக இறங்கும் என்பதைப் பலமுறை கண்டுவிட்டேன். தம்பியின் பாசம் பயன்படவேண்டுமென்றால், அவன் மேலே நின்றபடியே அண்ணனைத் தூக்குவதற்கு ஒரு வழி இருக்கவேண்டும். அந்த வழியை அண்ணன் இறங்கமுதலே செய்துவைக்க வேண்டும். விஷவாயு பற்றிய பாதுகாப்பு விதிகள் என்று சொல்கிறோமே, அவற்றின் உயிர்நாடி இந்த ஓர் ஏற்பாடுதான் என்று நான் நம்புகிறேன்.

எங்கள் நாட்டுச் சட்டத்தில் இது இல்லை என்று எண்ணவேண்டாம். 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1937 ஆம் ஆண்டுப் பிரித்தானியத் தொழிற்சாலைச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது. தொட்டி, குழி, குழாய், புகைபோக்கி போன்ற அடைபட்ட இடத்தில் ஆள் இறங்கவேண்டி வந்தால் என்ன செய்வது என்று அந்தப் பிரித்தானியச் சட்டம் அளவோடு சொன்னது. இறங்கும் வாய் 18 அங்குலத்துக்கு 16 அங்குலத்திலும் குறையக்கூடாது, வட்டமானால் விட்டம் 18 அங்குலம். உள்ளேயிருக்கும் வாயுவை முடிந்தளவு வெளியேற்றவேண்டும். இறங்குபவர் இடுப்பில் பட்டி, பட்டியில் கயிறு, கயிற்றின் மறுமுனை வெளியே நிற்கும் ஓர் ஆளின் கையில். சுவாசக் கருவியும் மூச்சை மீட்கும் கருவியும் எட்டும் தூரத்தில் இருக்கவேண்டும், அவற்றைப் பாவிக்கப் பழகியவர்களும் இருக்கவேண்டும்.

அந்த வாசகத்தில் வரும் வெளியே நிற்கும் ஆளைத்தான் நான் இரண்டாவது ஆள் என்கிறேன். அவருக்கு வேறு வேலை கொடுக்கக்கூடாது. தேத்தண்ணி வாங்க அனுப்பக்கூடாது. கைத்தொலைபேசி எடுக்கக்கூடாது. உள்ளே நிற்பவரோடு பேசிக்கொண்டே இருக்கவேண்டும், பதில் வராத மறுகணம் இழுக்கவேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் அவர் உள்ளே இறங்கக்கூடாது. முதலாளிமார் பலர் இந்த ஆளின் நாட்கூலியை வீண்செலவு என்று நினைக்கிறார்கள். "சும்மா நிண்டுகொண்டிருக்கிறதுக்கு ஒராளா?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள்.

சட்டம் இருந்தும் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு காட்சி. ஊரும் பெயரும் வேண்டாம். ஒரு தொழிற்சாலையில் எல்லாம் முறைப்படி இருந்தது. பட்டி, கயிறு, முகக்கவசம், ஒட்சிசன் உருளை, அத்தனையும் ஒரு கண்ணாடி அலுமாரிக்குள். அலுமாரி பூட்டியிருந்தது. திறப்பு எங்கே என்று கேட்டேன். முகாமையாளரிடம் என்றார்கள். முகாமையாளர் எங்கே? வீட்டுக்குப் போய்விட்டார், நாளை வருவார். பட்டியை வெளியே எடுக்கவைத்துப் பார்த்தபோது, கடையில் சுற்றித்தந்த பொலித்தீன் பிரிக்காமல் அப்படியே இருந்தது. அந்தத் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்த பையனிடம் "இதை ஒருதரமாவது போட்டுப் பார்த்தனீரோ?" என்று கேட்டேன். "அது பரிசோதனைக்கு வாற ஐயாமாருக்குக் காட்டிறதுக்கு" என்றான். அவன் குறும்பாகச் சொல்லவில்லை. அப்படித்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்தச் சட்டம் தொழிற்சாலைக்கு உரியது. உங்கள் வீட்டுக் கிணறு தொழிற்சாலை அல்ல. நடுக்கடலில் நிற்கும் படகும் அல்ல. தொழிற்சாலைப் பரிசோதகர் அங்கே வரமாட்டார். 2009 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய தொழில் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் பயிற்சி தரலாம், ஆலோசனை சொல்லலாம். பங்குக்குத் தொழிலுக்குப் போகிறவருக்கு முதலாளி யார் என்ற கேள்வியே சிக்கலானது. இழப்பீடு கேட்டுப் போகிற குடும்பம் அந்தச் சிக்கலில்தான் முதலில் மாட்டும். எனவே கடற்றொழிலாளர் சங்கமும் ஊர்ச் சங்கங்களும் தாங்களாகவே இந்த விதியை எடுத்து நடத்தவேண்டியிருக்கிறது. சட்டம் நீளவேண்டும் என்று நானும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். அது வரும்வரை படகு காத்திருக்காது.

படகுக்கு வருகிறேன். சில நாட்களுக்கு முன்னர் துறைமுகத்தில் நின்றேன். கரையில் கட்டி மூன்று நாளாகிய ஒரு பலநாட்படகு. மீனை இறக்கிவிட்டார்கள். அறையைக் கழுவவில்லை, மூடியை மட்டும் போட்டுவிட்டார்கள். ஐஸ் உருகிய தண்ணீர், மீன் இரத்தம், செதில், வழுக்கல், நசிந்து தவறிய இரண்டொரு மீன், எல்லாம் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு நின்றது. ஒரு தம்பி மூடியைத் திறந்தான். அழுகிய முட்டை மணம் முகத்தில் அடித்தது. தலையைத் திருப்பித் துப்பிவிட்டு, சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்பக் குனிந்தான். "இப்ப மணக்குதில்லை அண்ணை. வாளியை விட்டிட்டன், ஒரு நிமிசம், எடுத்துக்கொண்டு வாறன்" என்று காலை உள்ளே வைத்தான். நான் அவன் தோளைப் பிடித்துவிட்டேன். பிடித்த பிடியில் அவனுக்கு நொந்திருக்கும். அவன் சட்டையில் என் விரல்கள் நடுங்கியதை அவனும் பார்த்தான். என்னோடு வந்தவரிடம் கருவி இருந்தது. நூலில் கட்டி உள்ளே விட்டோம். பாதித் தூரம் போகுமுன்னரே அது அலறத் தொடங்கியது.

அந்த "மணக்குதில்லை" என்ற சொல்லுக்குள்தான் ஆபத்து இருக்கிறது. மீனிலும் இறைச்சியிலும் கந்தகம் உண்டு, கடல்நீரிலும் சல்பேற்று உண்டு. காற்றுப் புகாத இடத்தில் இவை அழுகும்போது பற்றீரியா அந்தக் கந்தகத்தை ஐதரசன் சல்பைட்டாக மாற்றிவிடும். பத்து இலட்சம் பங்கு காற்றில் ஒரு பங்குக்கும் மிகக் குறைவாக இருக்கும்போதே அது மூக்குக்குத் தெரியும். அமெரிக்க நிறுவனம் விதித்த எல்லை பத்து இலட்சத்தில் 10 பங்கு, அதுவும் பத்து நிமிடத்துக்கு மேல் கூடாது. 100 பங்கை உடனே உயிராபத்து என்று வகுத்திருக்கிறார்கள். அந்த 100 ஐ எட்டும்போது மூக்கின் நரம்பு மரத்துப்போகும். அதாவது, வாயு கூடக்கூட மணம் குறையும். முதலில் அடித்த நாற்றம் போய்விட்டது என்றால் வாயு போய்விட்டது என்று பொருளில்லை, உங்கள் மூக்கு போய்விட்டது. 500, 700 என்று ஏறினால் சில நிமிடம். 1000 ஆனால் ஒன்றிரண்டு மூச்சு. அந்தத் தம்பியின் "ஒரு நிமிசம்" எவ்வளவு நீளம் என்று இப்போது விளங்கும்.

கொரோனாக் காலத்துக்குப் பிறகு முகக்கவசம் போட்டால் எல்லாம் சரி என்ற நம்பிக்கை வந்திருக்கிறது. துணிக்கவசம் வாயுவை மறிக்காது. வடிகட்டி பொருத்திய கவசமும் ஒட்சிசன் இல்லாத இடத்தில் உதவாது, வடிகட்டி காற்றை உண்டாக்குவதில்லை. முதுகில் உருளை சுமக்கும் சுவாசக் கருவிதான் வேண்டும். அந்த உருளையோடு ஓர் ஆள் 18 அங்குல வாயால் நுழைவது எவ்வளவு கடினம் என்று செய்துபார்த்தவர்களுக்குத் தெரியும். பழைய அளவை அப்படியே வைத்துக்கொண்டு புதுக் கருவி வாங்கிவிட்டோம் என்று இருப்பது போதாது. இன்னொரு பழக்கம், வெல்டிங் கடையிலிருந்து ஒட்சிசன் உருளையைக் கொண்டுவந்து கிணற்றுக்குள் திறந்துவிடுவது. நல்ல எண்ணத்தில் செய்கிறார்கள். ஒட்சிசன் மிகுந்த இடத்தில் ஒரு பொறி விழுந்தால் உடுப்பும் தலைமயிரும் கடதாசி போலப் பற்றும். காற்றூதும் விசிறியும் அடிவரை எட்டும் குழாயும் போதும். வெறும் காற்றைத்தான் அனுப்பவேண்டும்.

எல்லை தாண்டிப் பிடிபட்டுத் துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும் இந்திய இழுவைப் படகுகளைப் பற்றியும் ஒரு சொல். வழக்கு முடியாமல் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மூடிக்கிடப்பவை அவை. உள்ளே தேங்கிய தண்ணீரும் எண்ணெயும் மட்டுமில்லை, இரும்புத் துருவும் காற்றிலுள்ள ஒட்சிசனைத் தின்றுவிடும். எந்த நாற்றமும் இல்லாமல், சுத்தமாகத் தெரியும் அறைக்குள் ஆள் விழலாம். தண்ணீர் இறைக்கவோ சாமான் கழற்றவோ யாரை அனுப்பினாலும், அனுப்புகிறவர் இதை அறிந்து அனுப்பவேண்டும். அந்தப் படகு எந்தக் கரைக்குரியது என்றாலும் இறங்குகிறவன் ஒரு தாயின் பிள்ளை.

அமோனியாவின் இயல்பு வேறு. மூன்றாம் கட்டத் துறைமுக வேலைகள் 2025 செப்டெம்பர் 1 ஆம் திகதி தொடங்கியிருக்கின்றன. துறைமுகம் வளர்ந்தால் ஐஸ் தொழிற்சாலையும் குளிர் அறைகளும் பெருகும், பெருகத்தான் வேண்டும். பெரிய ஐஸ் ஆலைகளில் குளிரூட்ட ஓடுவது அநேகமாக அமோனியா. 2024 ஜூலையில் தூத்துக்குடிக்கு அருகே ஒரு மீன் பதனிடும் ஆலையில் அது கசிந்து, இரவு வேலையில் நின்ற சுமார் 30 பெண்கள் வைத்தியசாலைக்குப் போனார்கள். 2023 டிசெம்பர் 26 நள்ளிரவு எண்ணூரில் கடலடிக் குழாயில் கசிந்தபோது கரையோர மீனவக் கிராமங்கள் இருட்டில் ஓடின. அமோனியாவில் ஒரு நல்ல விஷயம், அது கண்ணையும் மூக்கையும் எரித்து முன்கூட்டியே துரத்திவிடும். 25 பங்குக்கு மேல் வேலை செய்யக்கூடாது, 300 பங்கு உயிராபத்து. அது காற்றைவிட இலேசானது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஆனால் குழாய் வெடித்துத் திரவமாகக் கொட்டினால், கடுங்குளிரில் வெள்ளைப் புகாராக நிலத்தோடு தவழ்ந்து வரும். மேலே போய்விடும் என்று நம்பி நின்றுவிடாதீர்கள்.

எந்தப் பக்கம் ஓடுவது என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. காற்றை வாசிப்பதில் உங்களை வெல்ல ஆளில்லை. சோளகம் அடிக்கும் மாதங்களில் கரையிலிருந்து கடலுக்குக் காற்று. ஆலையில் கசிந்தால் புகார் படகுகளின் மேல் போகும். வாடை மாதங்களில் அதே கசிவு ஊர்மனைக்குள் வரும். ஆகவே எந்த ஆலை வந்தாலும், அதன் கூரையில் காற்றுத்திசை காட்டும் துணி ஒன்று பறக்கவேண்டும், இரவில் அதன்மேல் வெளிச்சம் விழவேண்டும். இரண்டு பக்கமும் வாசல் இருக்கவேண்டும், இரண்டும் உள்ளிருந்து திறப்பில்லாமல் திறக்கவேண்டும். கண்ணில் பட்டால் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவக் குழாய் வேண்டும். காற்றுக்குக் குறுக்காக விலகி, காற்று வரும் பக்கம் போய்ச் சேரவேண்டும். அனுமதி கொடுக்கும் கூட்டத்துக்குச் சங்கத் தலைவர்கள் போகும்போது இதைக் கேட்டுவிட்டு வாருங்கள். கட்டி முடிந்தபிறகு கேட்டால் சுவரை யாரும் இடிக்கமாட்டார்கள்.

நூறு வருடத்துக்கு முன்னர் இந்தக் கருவிகள் எதுவும் இல்லை. ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் என்ற பிரித்தானிய உடலியல் அறிஞர் நிலக்கரிச் சுரங்க வெடிவிபத்துகளில் இறந்தவர்களை ஆராய்ந்து 1896 இல் ஓர் அறிக்கை எழுதினார். வெடியில் இறந்தவர்களைவிட, அதற்குப் பிறகு பரவிய காபனோரொட்சைட்டில் இறந்தவர்களே அதிகம் என்று காட்டினார். அந்த வாயுவைத் தானே சுவாசித்துத் தன் உடலில் சோதித்தவர் அவர். மனிதனுக்கு முன்னர் மயங்கும் சின்ன உயிர்களைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோகலாம் என்பது அவருடைய யோசனை. கூட்டில் ஒரு மஞ்சள் குருவி சுரங்கத் தொழிலாளியோடு இறங்கியது அப்படித்தான். பிரித்தானியாவில் 1986 இல் அந்தக் குருவிக்கு ஓய்வு கொடுத்துவிட்டு மின்கருவியைக் கையிலெடுத்தார்கள். இன்று ஒட்சிசன், ஐதரசன் சல்பைட்டு, காபனோரொட்சைட்டு, தீப்பற்றும் வாயு ஆகிய நான்கையும் ஒன்றாக அளக்கும் கருவி உள்ளங்கைக்குள் அடங்கும். ஒவ்வொரு வீடும் வாங்க முடியாது. ஒரு சங்கம் வாங்கலாம். வாங்கினால் அதை அலுமாரிக்குள் பூட்டாமல், குறித்த காலத்தில் சரிபார்த்து, கேட்கிறவருக்கு எந்த நேரமும் கொடுக்கும் ஒருவரிடம் வைக்கவேண்டும். மேலே, நடுவில், அடியில் என மூன்று மட்டத்திலும் நூலில் விட்டு அளக்கவேண்டும். ஒரு வாயு மேலே மிதக்கும், இன்னொன்று அடியில் கிடக்கும்.

அடுத்தது தூக்கும் ஏற்பாடு. இடுப்பில் கட்டிய கயிற்றால் மயங்கிய ஆளை மேலே கொண்டுவருவது பெரும்பாடு. உடல் மடிந்து, வாயில் குறுக்கே இறுகிவிடும். 70 கிலோ ஆளை ஏணியில் நின்று இன்னொருவர் தோளில் சுமந்து ஏறுவது சினிமாவில்தான். தோள், நெஞ்சு, தொடை எல்லாவற்றையும் பிடிக்கும் முழுக்கச்சை வேண்டும். கிணற்றின்மேல் விரித்து நிற்கும் முக்காலிச் சட்டமும் பல்சக்கரம் வைத்த சுழற்றியும் வேண்டும். அவை இருந்தால் மெலிந்த ஒரு பெண்கூடத் தன் கணவனை மேலே கொண்டுவந்துவிடலாம். இதை வேண்டுமென்றே சொல்கிறேன். எங்கள் வளவுகளில் ஆண் கிணற்றுக்குள் நிற்கும்போது கட்டடியில் நிற்பவர் பெரும்பாலும் மனைவி, தாய், அக்கா. இதுவரை அவர்களுக்கு நாங்கள் கொடுத்தது கத்துவதற்குக் குரலை மட்டும்.

தூக்கியெடுத்ததும் காற்றோட்டமான இடத்தில் கிடத்தி, மூச்சில்லை என்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்கவேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைக்கவேண்டும். இலவச அம்புலன்ஸ் சேவை அது. 2018 ஜூலையில் யாழ்ப்பாணத்தில் வைத்துத்தான் வடக்குக்கு விரித்தார்கள். மயிலிட்டிப் பிள்ளைகளுக்கு அந்த இலக்கத்தை மனப்பாடம் செய்விக்கத் தேவையில்லை. ஊர் எழும்பிய வருடத்தை எந்த வீடு மறந்தது? அழைக்கும்போது "ஆள் மயங்கிட்டார்" என்று மட்டும் சொல்லாமல், "கிணத்துக்குள்ள வாயு" என்றோ "படகு அறைக்குள்ள வாயு" என்றோ சொல்லுங்கள். வருகிறவர்களும் மனிதர்கள், அவர்களும் இறங்கிவிடக்கூடாது.

அம்மா முன்வரிசையில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அவர் பக்கம் பார்க்காமல்தான் இவ்வளவையும் பேசி முடித்தேன்.

அறக்கட்டளைப் பணத்தில் வாங்கிய முக்காலிச் சட்டமும் கச்சையும் கருவியும் வெளியே முற்றத்தில், பழைய கிணற்றடியில் வைத்திருக்கிறது. கூட்டம் முடிந்ததும் காட்டுகிறேன். தனியாக வருகிறவருக்குக் காட்டமாட்டேன். ஒருவர் கச்சையைப் போடவேண்டும், மற்றவர் சுழற்றியைப் பிடிக்கவேண்டும், பிறகு இருவரும் மாறவேண்டும். இரண்டு இரண்டு பேராக வாருங்கள்.